இரண்டு வருஷமா, எழுபது வருஷமா?

வேதபாடம்: எரேமியா 28, 29, 32 அதிகாரங்கள்

இதைப் படிக்கும் முன் வேதபுத்தகத்தைத் திறந்து எரேமியா 28, 29 இரண்டையும் சேர்த்து வாசித்து விடுங்கள்.

ஜனவரி முதல் தேதி வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது எரேமியா 29:11 யார் கைக்கு வந்தாலும் முகம் மலர்ந்து போகும். நல்லதுதான். ஆனால் அதற்கு முந்தின 10-ஆம் வசனத்தை அச்சடித்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுபது வருஷக் கணக்கு அதில்தான் இருக்கிறது. கடிதம் கிடைத்த மூப்பர்களில் அநேகர் எருசலேமை மறுபடி பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம்.

கி.மு. 597-ல் நேபுகாத்நேச்சார் எகொனியா ராஜாவையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனான். சில வருஷம் கழித்து அனனியா என்பவன் தேவாலயத்தில் எழும்பி, இன்னும் இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தையும் பிடுங்கி உடைத்தான். நம்ம கூட்டமாக இருந்தால் கைதட்டும் அல்லேலூயாவும் அடங்க அரைமணி நேரம் ஆகியிருக்கும்! எரேமியாவே முதலில் ஆமென் என்றுதான் சொன்னார் (28:6). ஜனங்கள் திரும்ப வேண்டும் என்கிற ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தை என்று அவர் சொல்லவில்லை.

நானும் ஒரு அனனியாவாக இருந்தேன். அதை அறிக்கை செய்யாமல் இந்தப் பாடத்தை எழுத எனக்குத் தகுதியில்லை.

பைபிள் காலேஜில் டிப்ளமா முடித்து வந்த புதிது. நம் ஊருக்குப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தி வந்தேன். 1990 ஜூனில் அங்கே மீண்டும் சண்டை மூண்டபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி, ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு இங்கே அனுப்பப்பட்ட குடும்பங்கள் அவை. பத்துக்குப் பத்து அடியில் ஒரு அறை. அதற்குள் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். நடுவே சேலையைத் தொங்கவிட்டால் அதுதான் சுவர். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை. அதிகாரிகள் தணிக்கைக்கு வரும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மாதப் பணக்கொடை நின்றுபோகும். தற்காலிகம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தற்காலிகத்திலேயே கல்யாணம் நடந்தது, பிள்ளை பிறந்தது, அடக்கமும் நடந்தது.

2002 பிப்ரவரியில் போர் நிறுத்த ஒப்பந்தம் வந்தது. அந்த வாரக் கூட்டத்தில் நான் ஆவியில் நிறைந்தவனாக, "அடுத்த கிறிஸ்மஸ் உங்கள் சொந்த மண்ணில் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று சத்தமிட்டேன். ஜனங்கள் அழுதார்கள். எனக்கும் பெரிய தீர்க்கதரிசி என்று ஒரு நினைப்பு.

அங்கே ஒரு ஆச்சி இருந்தார். என் வார்த்தையை நம்பி அந்த வருஷம் கூரைக்குக் கிடுகு வாங்கவில்லை (நாம் கீற்று என்பதை அவர்கள் கிடுகு என்பார்கள்). மழை முழுக்க உள்ளே ஒழுகியது. அது போகட்டும். பத்தாவது படித்த பேரன், ஊருக்குப் போய்ப் படிக்கலாமே என்று பள்ளிக்கூடத்தை விட்டான். அவனைப் பெயிண்ட் வேலைக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் அதே வேலைதான்.

2006-ல் மறுபடி யுத்தம். மறுபடி படகுகள். நான் வெட்கத்தோடு போய் நின்றேன். ஆச்சி திட்டவில்லை. "தம்பி, நீங்கள் பொய் சொல்லேல்ல. உங்களுக்கு எங்கள்மேல இரக்கம். அதைக் கர்த்தர் சொன்னார் எண்டு சொல்லிப்போட்டீங்கள்" என்றார். மூன்று வருஷ பைபிள் காலேஜில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

இப்போது 29:5-7 வாசியுங்கள். வீட்டைக் கட்டு, தோட்டத்தை நாட்டு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணு என்கிறார். அவிசுவாசம் மாதிரித் தெரியும். "ஊருக்குப் போவோம்னு நம்பினா இங்கே ஏன் பிரதர் நடணும்?" என்று ஒரு சகோதரர் கேட்டார். அதற்கு 32-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நகரம் முற்றிக்கையில், எரேமியா காவலில். அந்த நிலையில் ஆனதோத்து நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். பாபிலோனில் நடச் சொன்ன அதே தீர்க்கதரிசிதான் யூதாவில் பத்திரமும் வாங்கினார். ஆச்சியும் அப்படியே. தன் காணி உறுதியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். வாசலில் முருங்கையும் வைத்தார். அந்தக் கீரையை நம் ஊர் வீடுகளிலும் சமைத்திருக்கிறார்கள்.

2009 மேயில் யுத்தம் முடிந்தது. சிலர் திரும்பினார்கள், அநேகர் இங்கேயே இருக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகள் பட்டம் வாங்கியும், குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு வழியில்லாமல் பெயிண்ட் டப்பாவைத் தூக்குகிறார்கள். அவர்களைப் பார்த்து, "எப்போ ஊருக்குப் போறீங்க?" என்று தயவுசெய்து கேட்காதிருங்கள். அவர்கள் பார்த்தே இராத ஊர் அது. நம் ஆலயச் சுவருக்குப் பெயிண்ட் அடித்ததும் இவர்கள்தான். அன்றைக்கு நாம் கூலியைப் பேரம் பேசிக் குறைத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2021-ல் அரசு, அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, 7,469 வீடுகள் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. ஆச்சிக்கும் ஒரு கான்கிரீட் வீடு கிடைத்தது. ஜெபிக்கப் போயிருந்தேன். அஸ்திவாரத்துக்காக முருங்கையை வெட்டிவிட்டார்கள். ஒரு கிளையை மட்டும் ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தார். "தம்பி, ஜெபத்தை முடியுங்கோ, இதை எங்க நடுறது எண்டு பாப்பம்" என்றார். இந்த முறை நான் தேதி எதுவும் சொல்லாமல் ஜெபித்தேன்.

பேரனுடைய மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். முகாம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலை டியூஷன் தொடங்கியிருக்கிறோம். கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லை. சொல்லிக் கொடுக்கக் கூடியவர்கள் ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.