ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: சிறு வணிகர்களுக்கான அச்சு விளம்பரம்



ஒவ்வோர் ஆண்டும் மலர் வெளியீட்டுக்கு முன்னர், விளம்பரப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங்கு என்று கடை கடையாக ஏறி இறங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. "அண்ணே, முழுப் பக்கம் வேண்டாம், கால் பக்கமாவது கொடுங்க" என்போம். "படிக்கிற பிள்ளைங்க கேக்குது" என்று அவரும் கல்லாவைத் திறப்பார். என்ன போடுவது என்று கேட்டால், "கடைப் பேரப் போட்டு, வாழ்த்துன்னு போட்டுடுங்க தம்பி" என்பார். நாமும் அப்படியே போட்டுவிடுவோம். அந்தக் கால் பக்கத்தைப் பார்த்து ஒரு வாடிக்கையாளராவது அவர் கடைப்படி ஏறினாரா? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அவர் தந்தது விளம்பரப் பணமன்று, நன்கொடை. அதை உண்மையான விளம்பரமாக்கித் தரும் வழியை அறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளம்பரம் ஏன் தேவைப்பட்டது?

பினாங்குத் தமிழருக்கு அச்சு புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்னும் தமிழ் இதழை நடத்தினார். எனினும், ஜார்ஜ்டவுன் சிறுகடைகள் நெடுங்காலம் விளம்பரமின்றியே வாழ்ந்தன. வாடிக்கையாளர் மேல்மாடியிலும் அடுத்த சந்திலும் குடியிருந்ததே காரணம். 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000 ஜனவரி 1 முதல் நீங்கியது. வாடகை உயர்ந்தது; பல குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்ததும் சுற்றுப்பயணிகள் பெருகினர். ஆனால், வாரந்தோறும் மளிகை வாங்கிய பழைய முகங்கள் பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்த்தாஜாமுக்கும் போய்விட்டன. கடல் தாண்டிப் போனவரை மீண்டும் அழைக்க ஒரு குரல் வேண்டும். அக்குரல்தான் விளம்பரம்.

முதற்பாடம்: யாருக்கு, எங்கே?

நாளிதழ் விளம்பரம் நாடு முழுவதும் செல்கிறது. லெபோ குயினில் உள்ள தையற்கடை ஜொகூர் வாசகருக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் பொருளில்லை. மேலும், 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனது போல, அச்சு நாளிதழ்களின் நிலையும் மாறிவருகிறது. ஆகவே, சிறு வணிகர் தம் வாடிக்கையாளர் நடமாடும் இடத்தையே தேடவேண்டும். அவ்விடம் கோயில் திருவிழா மலராக இருக்கலாம். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி இதழாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் துண்டறிக்கைகளுக்கு 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். தாள் ஒன்றுக்கு 15 காசுதான், மலிவாகத் தோன்றும். அதைப் பார்த்துப் பத்துப் பேர் மட்டுமே வந்தால், ஒரு வாடிக்கையாளருக்கு 15 வெள்ளி செலவு. அவரிடம் கிடைக்கும் இலாபம் 10 வெள்ளி எனில், அவர் மீண்டும் வந்தாலொழிய நட்டமே. அதே 150 வெள்ளிக்கு, ஒன்று 3 வெள்ளி வீதம் 50 நாட்காட்டிகள் அச்சடித்துப் பழைய வாடிக்கையாளருக்குக் கொடுத்தால், அமாவாசையும் கார்த்திகையும் பார்க்கும்போதெல்லாம் கடையின் பெயர் கண்ணில் படும். தைப்பூசக் கூட்டத்தில் நீட்டப்படும் துண்டறிக்கை தண்ணீர்ப் பந்தலைத் தாண்டுவதற்குள் தரையில் கிடக்கும்; நாட்காட்டி ஆண்டு முழுவதும் சுவரில் தொங்கும். தாளின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. அது எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பதையும் பார்க்கவேண்டும்.

இரண்டாம் பாடம்: ஒரே செய்தி

"எங்களிடம் அனைத்துவிதத் தையல் வேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்." இவ்வாக்கியம் எந்தக் கடைக்கும் பொருந்தும், அதனால் எந்தக் கடைக்கும் உதவாது. "தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு துணி கொடுங்கள், பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு ரவிக்கை உங்கள் கையில்!" என்று எழுதிப் பாருங்கள். பண்டிகைக் காலத்தில் தையற்கடைக்கு அலைந்த ஒவ்வொரு பெண்ணும் இதைப் படிப்பார். எழுதியபடி கொடுக்க முடிந்தால் மட்டுமே இப்படி எழுதவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதன்கீழ், கோயிலோ பள்ளிவாசலோ எதன் அருகே கடை உள்ளது, எத்தனை மணி வரை திறந்திருக்கும், எந்த நாள் விடுமுறை, வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பவை இருந்தால் போதும்.

மூன்றாம் பாடம்: அச்சகத்தில் சிக்கனம்

ஆஃப்செட் முறையில் தகடு தயாரிக்கும் செலவு நூறு பிரதிக்கும் ஐயாயிரம் பிரதிக்கும் ஒன்றே. எனவே, அதிகப் பிரதிகளுக்கு ஆஃப்செட் ஏற்றது. இருநூறு முந்நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சே சிக்கனம். ஓர் ஏ4 தாளில் நான்கு ஏ6 துண்டறிக்கைகள் அடங்கும். நான்கு வண்ணம் கட்டுப்படியாகவில்லையா? மஞ்சள் தாளில் கறுப்பு மையால் அச்சடித்தாலும் கண்ணைக் கவரும். படங்கள் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் அடர்த்தியில் இருக்கட்டும். வெட்டும் ஓரத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடுங்கள்.

நான்காம் பாடம்: நம் எழுத்து நம் பொறுப்பு

பினாங்கில் பல அச்சகங்களில் வடிவமைப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருடைய கணினியில் நமது எழுத்துரு இல்லாவிட்டாலோ, மென்பொருளில் தமிழுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டாலோ, கொம்பு இடம் மாறும், புள்ளி தொலையும். அது பிழையென்றே அவருக்குத் தெரியாது. எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் கோப்பாகக் கொடுப்பதும், அச்சேறுமுன் மாதிரித் தாளை நாமே படித்துப் பார்ப்பதும் கட்டாயம். 'பள்ளிச் சீருடை' என்பது 'பல்லிச் சீருடை' ஆகிவிட்டால், ஆயிரம் தாளும் குப்பைக்குத்தான். தமிழ் மாணவர்களாகிய நாம் காசில்லாமல் செய்யக்கூடிய பேருதவி இந்த மெய்ப்புத் திருத்தம்.

ஐந்தாம் பாடம்: சட்டம்

நாட்டு மருந்துக் கடைக்கு எழுதும்போது மிகவும் கவனம் தேவை. 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின்படி, நீரிழிவு, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வது குற்றம். "சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்ற ஒரே வரி, கடைக்காரரை நீதிமன்றத்தில் நிறுத்திவிடும். நோயாளிக்கு நேரக்கூடிய தீங்கோ அதனினும் பெரிது. விளக்குக் கம்பங்களிலும் பொதுச் சுவர்களிலும் ஒட்டுவதற்கு முன் மாநகராட்சி மன்றத்தின் அனுமதியைக் கேட்டறிவதும் நல்லது.

ஆறாம் பாடம்: அளந்து பார்த்தல்

அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் வெளியிட்ட நூலில், வெட்டிக் கொண்டுவரும் சீட்டைக் கொண்டு விளம்பரத்தின் பலனை அளக்கும் முறையை விளக்கினார். நமக்கு அது இன்றும் எளிது. கோயில் மலரில் வரும் சீட்டில் 'அ', துண்டறிக்கையில் வரும் சீட்டில் 'ஆ' என்று குறியிடுங்கள். அதைக் கொண்டு வருபவருக்குச் சிறு தள்ளுபடி. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால், அடுத்த முறை எங்கே பணம் போடுவது என்பது தெரிந்துவிடும்.

எனவே நண்பர்களே, அடுத்த மலருக்கு விளம்பரம் கேட்டுச் செல்லும்போது படிவத்தை நீட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: "அண்ணே, உங்க கடையில எது நல்லாப் போகும்? யார் வந்தா உங்களுக்கு நல்லது? எங்க மாணவர்களுக்கு என்ன கொடுக்க முடியும்?" அந்தப் பதில்களைக் கால் பக்கத்தில் எழுதி, அவரிடமே படித்துக் காட்டி, மலர் வெளிவந்த பின் எத்தனை சீட்டுகள் திரும்பி வந்தன என்று கேட்டு வாருங்கள். அதற்கடுத்த ஆண்டு அவர் நமக்குத் தரும் பணம் இரக்கத்தால் தந்ததாக இருக்காது. கணக்குப் பார்த்துத் தந்ததாக இருக்கும். நமக்கும் பெருமை அதுவே.