தேய்தல் என்னும் சொல்

நமது ஆலயத்தில் அர்ச்சனைக்கோ நேர்த்திக்கோ நாள் கேட்க வரும் அடியார்கள் பலர், "தேய்பிறை என்றால் வேண்டாம் ஐயா" என்று சொல்லிவிடுகிறார்கள். அச்சொல்லின் மீது இவ்வளவு அச்சம் ஏன் என்று எண்ணியதன் விளைவே இச்சிறு கட்டுரை.

குறைதல், குன்றுதல், சுருங்குதல், அருகுதல், தேய்தல் ஆகிய யாவும் ஒன்று சிறிதாவதையே குறிக்கும். ஆயினும் தேய்தல் தனித்தன்மை உடையது. அது உராய்வினால் சிறுகச் சிறுகக் குறைவது. தேய்ந்தது என்றால் தன்வினை; தேய்த்தது என்றால் பிறவினை. மலையாளத்தில் 'தேயுக' என்றும், கன்னடத்தில் கல்லில் நீர்விட்டு அரைப்பதற்குத் 'தேய்' என்றும் வழங்குவதால் இது மிகப் பழைய திராவிட வேர்ச்சொல் என்பது தெளிவு. விளக்குத் தேய்க்கிறோம், தலைக்கு எண்ணெய் தேய்க்கிறோம். சந்தனக்கட்டையைக் கல்லில் தேய்க்கும்போது கட்டை குறைகிறது. குறைந்த அப்பகுதியே எம்பெருமான் திருமேனியில் சாத்தும் சந்தனமாகிறது. இங்கே தேய்வு நட்டமன்று. கணக்கியலிலோ நட்டம்தான். தமிழ்நாட்டார் தேய்மானம் என்பதை நாம் பெறுமானத் தேய்வு என்று எழுதுகிறோம்.

சங்க காலத்திலும் இச்சொல் உண்டு. நற்றிணை 284ஆம் பாடலில், உள்ளம் ஒருபுறமும் அறிவு ஒருபுறமும் இழுக்க நடுவில் வருந்தும் உடம்பை, இரு யானைகள் பற்றி இழுக்கும் புரி தேய்ந்த பழங்கயிற்றுக்கு ஒருவர் உவமித்தார். அவரது இயற்பெயர் மறைந்து, தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பதே அவர் பெயராயிற்று. தேய்ந்த கயிறு அவரைத் தேயாமல் வைத்திருக்கிறது!

சந்திரன் தேய்வதற்குத் தக்கனின் சாபத்தைப் புராணம் காரணமாகக் கூறும். தேய்ந்து ஒடுங்கிய பிறையையே சிவபெருமான் சடையில் சூடினார். மேலும், சங்கடஹர சதுர்த்தி, மகா சிவராத்திரி, கிருஷ்ண ஜெயந்தி, பைரவருக்குரிய அட்டமி, தீபாவளி யாவும் தேய்பிறைத் திதிகளிலேயே வருகின்றன. சுப காரியங்களுக்கு வளர்பிறையைத் தேர்வது நம் மரபு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழிபாட்டுக்குத் தேய்பிறை ஆகாது என்பது எனக்கு ஏற்புடையதன்று. சிங்களவரும் வளர்பிறையைப் 'புர' என்றும் தேய்பிறையை 'அவ' என்றும் கணிப்பர். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. அன்று பாடசாலைப் பிள்ளைக்கும் பிறைக்கணக்குத் தெரிந்திருந்தது.

இச்சொல்லை மலையகத் தமிழராகிய நம்மைப் பற்றியும் பலர் மேடைகளில் பயன்படுத்துகிறார்கள். "தேய்ந்து போனோம்" என்கிறார்கள். 1953ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் நாட்டு மக்களில் நூற்றுக்குப் 12 பேர்; 1981இல் ஏறக்குறைய ஐந்தரைப் பேர். இடையில் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் விருப்பம் கேட்டு அந்த எண்ணிக்கையை எழுதவில்லை. இதற்குத் தேய்தல் பொருந்தாது. நாம் தேயவில்லை, குறைக்கப்பட்டோம்.

உண்மையில் நம்மிடையே தேய்வது வேறொன்று. கலகெதரையைச் சுற்றிச் சிங்கள மொழிமூலம் கற்கும் நம் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். வேலைவாய்ப்பை நினைத்துப் பெற்றோர் எடுக்கும் முடிவு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்பிள்ளைகளுட் சிலர் தேவாரத்தைச் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். கல் உராய்ந்து தேயும். மொழியோ புழங்காமல் தேய்கிறது. சிங்களத்தில் ழகரம் இல்லை, றகரத்துக்குத் தனி எழுத்தும் இல்லை. ஆகவே அந்தக் கொப்பியில் 'பிறை' 'பிரை' ஆகிவிடுகிறது. 'வாழ்க' என்பது 'வாள்க' ஆகிறது. அறநெறி வகுப்பில் பாடல் தொடங்குமுன் பத்து நிமிடம் இந்த இரண்டு எழுத்துகளையும் கரும்பலகையில் எழுதச் சொல்லிப் பழக்குமாறு ஆசிரியர்களையும், வீட்டில் அக்கொப்பியை ஒருமுறை வாங்கிப் பார்க்குமாறு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.