தீர்வையும் புதுச் சாகுபடியும்

“குடியானவர் புதியதை ஏற்கமாட்டார், வரியென்றால் முகஞ்சுளிப்பார்” என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கூறும் குற்றம். “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்பது குடியானவர் அநுபவத்திற் கண்ட மொழி. இவ்விரண்டில் எது பொருந்துமென்பதைக் கோயமுத்தூர் ஜில்லாவின் தோட்டக்கால் சாகுபடியைக் கொண்டு அறியலாம்.

1. கிணறும் தீர்வையும்

ரயத்துவாரி முறையில் நிலத்தீர்வையைக் குடியானவர் நேரே சர்க்காருக்குச் செலுத்திவந்தார். ஆதியில் கிணற்றுத் தோட்டத்துக்குப் புன்செய்யினும் அதிகத் தீர்வை விதிக்கப்பட்டது. கைப்பொருளைச் செலவிட்டுக் கிணறு வெட்டியவருக்கு, வெட்டியதே குற்றம்போல் ஆயிற்று. சொந்தச் செலவிற் செய்த அபிவிருத்திக்கு மேல்வரி கூடாதென்னும் கொள்கையைச் சென்னை அரசாங்கம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான் மேற்கொண்டது. பின்னர், 1883-ஆம் வருஷத்து நில அபிவிருத்திக் கடன் சட்டத்தின்படி, கிணறு வெட்டச் சர்க்கார் கடனும் கிடைக்கலாயிற்று. பயன் தமக்கே நிற்குமென்று கண்டபின் குடியானவர் துணிந்து வெட்டினர்.

2. கம்போடியாப் பருத்தி

20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி சென்னை மாகாணத்துக்கு வந்தது. இதன் இழை நாட்டுப் பருத்தியினும் நீளமானது, விலையும் அதிகமாக இருந்தது. கவலை இறைத்து நீர்பாய்ச்சும் தோட்டங்களில் இது விரைவிற் பரவிற்று. பழைமையை விடாதவர் என்று பழிக்கப்பட்டவரே இதனை வலிய விதைத்தனர். லாபம் கண்ணுக்குத் தெரிந்ததே காரணம்.

3. செடி பிடுங்கும் சட்டம்

மறுமுறையும் காய் எடுக்கலாமென்று பருத்திச் செடியை நிலத்திலேயே விட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. அச்செடிகளில் பூச்சிகள் தங்கி அடுத்த பயிரைக் கெடுத்தன. ஆகவே, 1919-ஆம் வருஷத்துப் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ்ச் செடிகளைக் குறித்த தேதிக்குள் பிடுங்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. ஒருவர் மட்டும் பிடுங்கினால் பயனில்லை. அடுத்த தோட்டத்துப் பூச்சி இவர் தோட்டத்துக்கு வரும். ஊர் முழுவதும் ஒன்றுபட்டாலன்றி இவ்விதி பலிக்காது. நஷ்டம் இன்றே தெரியும். லாபமோ அடுத்த பருவத்திலேதான் தெரியும். இத்தகைய விஷயத்தில் உத்தரவு மட்டும் போதாது. காரணத்தை விளக்கிக் கூறுதலும் அவசியம்.

4. விலையும் கிஸ்தும்

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள்களின் விலை பெரிதும் வீழ்ந்தது. கிஸ்தோ ரொக்கத்தில் நிச்சயிக்கப்பட்டது. உதாரணமாக, கிஸ்து 20 ரூபாய் என்று கொள்க. பொதி 40 ரூபாய்க்கு விற்றால் அரைப் பொதி போதும். 20 ரூபாய்க்கு இறங்கினால் ஒரு முழுப் பொதி வேண்டும். தீர்வையில் ஓர் அணாவும் ஏறவில்லை. ஆயினும் குடியானவருக்குப் பாரம் இரட்டிப்பாயிற்று. கிஸ்துத் தவணைக்காக அவசரப்பட்டு விற்றவரும், லேவாதேவிக்காரரிடம் முன்கடன் வாங்கியவரும் மேலும் நஷ்டமடைந்தனர்.

5. சங்கத்தின் கடமை

1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஐக்கிய நாணய சங்கங்கள் தோன்றியது இவ்விடரைக் குறைப்பதற்கே. விளைபொருளை ஈடாகக் கொண்டு கடன் கொடுத்து, நல்ல விலை வரும்வரை காத்திருக்கச் செய்தல் விற்பனைச் சங்கத்தின் பணி. புதுச் சாகுபடியை அங்கத்தினருக்குப் புகட்டுமுன், “இதில் வரும் லாபம் யாரிடம் போய்ச் சேரும்?” என்று பஞ்சாயத்தார் கணக்கிட்டுக் காட்டல் வேண்டும். லாபம் உழுதவரிடமே தங்குமாயின், தூண்டுதல் அதிகம் வேண்டியதில்லை. தங்காதாயின், எத்தனை பிரசங்கம் செய்யினும் பலனில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை:

(1) நம் ஊரில் கைவிடப்பட்ட புதுச் சாகுபடி எது? அதன் லாபம் யாருக்குச் சென்றது?

(2) ஊரார் ஒன்றுபட்டாலன்றிப் பலிக்காத காரியங்கள் எவை?

(3) அறுவடையான உடனே விற்றவருக்கும் காத்திருந்து விற்றவருக்கும் கிடைத்த விலையில் வித்தியாசம் எவ்வளவு?