நாலு டர்னை எட்டாக்கும் கணக்கு
ஜப்பானிய ஆர்பிஜி ஆடத் தொடங்கும் ரமண நகர்த் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

ரமணாசிரம வாசலிலிருந்து செங்கம் சாலையில் ஊரைப் பார்த்து நடந்தால் அக்னி லிங்கம். எதிர்ப்பக்கம் நடந்தால் யம லிங்கம். கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்று திசைக்கு ஒருவராக எட்டுப் பேர். இவர்களைப் பார்த்தபடியே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள் நீ. இதே எட்டுப் பேரும் ஜப்பானிலும் உண்டு. பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய், பன்னிரு தேவர் வரிசையில் இடம் பிடித்தவர்கள். கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் 1127-ஆம் ஆண்டில் வரையப்பட்ட பன்னிரு தேவர் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றில் அக்னியின் பெயர் கதென், யமன் என்மதென், வருணன் சுய்தென், குபேரன் பிஷமோன்தென்.

அதனால் 'ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன்' விளையாட்டில் சிவனும் விஷ்ணுவும் கணேசரும் காளியும் சரஸ்வதியும் பிஷமோனும் ஒரே பட்டியலில் வருவதைப் பார்த்து நீ திகைக்க வேண்டியதில்லை. அவர்கள் ஜப்பானுக்குப் போய்ப் பல நூறு ஆண்டு ஆகிறது. விளையாட்டில் தேவர், தேவதை, பேய், பூதம் எல்லோருக்கும் 'டீமன்' என்ற ஒரே பொதுப்பெயர்தான். எதிரியாக வருபவரோடு பேசித் துணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். துணைகளில் இருவரை இணைத்துப் புதிதாக ஒருவரை உருவாக்கலாம்.

அட்லஸ் நிறுவனம் 2003-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்ட விளையாட்டு இது. புதுப்பித்த பதிப்பு 2021 முதல் கணினியிலும் கிடைக்கிறது. புதியவர்களைத் தயங்காமல் அடித்துப் போடும் என்று பேர் வாங்கியது. இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, "இது நமக்கு ஒத்து வராது" என்று மூடி வைத்தவர்கள் ஏராளம். உனக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம்.

இந்த வகை விளையாட்டு எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் தெரிந்துகொள். 1986 மே மாதம் 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. யூஜி ஹோரி அமைப்பு, அகிரா தோரியாமா ஓவியம், கொயிச்சி சுகியாமா இசை. அமெரிக்காவின் 'விசார்ட்ரி', 'அல்டிமா' போன்ற சிக்கலான கணினி விளையாட்டுகளை ரசித்த ஹோரி, அந்த அனுபவத்தை ஃபேமிகாம் கன்சோலின் சின்னக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் கொண்டுவந்தார். அடி, மந்திரம், பொருள், ஓட்டம் என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும். விரல் வேகம் இல்லாதவரும் கடைசி வரை போகலாம். நீ யோசிக்கும்வரை எதிரி காத்திருப்பான்.

அந்தக் காத்திருப்பைத்தான் புதியவர்கள் வீணடிக்கிறார்கள். எந்த அடி பெரிய எண்ணைக் காட்டுகிறதோ அதையே திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். நீ எண்ண வேண்டியது அடியின் அளவை அன்று; உன்னிடம் எத்தனை முறை மிச்சம், எதிரியிடம் எத்தனை முறை மிச்சம் என்பதை.

நாக்டர்னில் இந்தக் கணக்கு திரையிலேயே தெரியும். மேல் மூலையில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். உன் பக்கம் எத்தனை பேரோ அத்தனை. நாலு பேர் என்றால் நாலு. சாதாரண அடிக்கு ஒரு குறி போகும். எதிரியின் பலவீனத்தில் அடித்தாலோ, அடி கிரிட்டிக்கலாக விழுந்தாலோ அரைக் குறிதான் செலவு. மீதி அரை மினுக்கிக்கொண்டு நிற்கும். நாலு பேரும் பலவீனத்திலேயே அடித்தால் நாலு முறை எட்டாகும். அடி தவறினாலோ, எதிரிக்கு அந்தச் சக்தி உறைக்காது என்றாலோ இரண்டு குறி காலி. அவன் அதை உறிஞ்சினாலோ திருப்பி அடித்தாலோ எல்லாக் குறியும் போய், ஆட்டம் அவன் கைக்கு மாறும். 'ப்ரெஸ் டர்ன்' என்கிற இந்த முறையில் எதிரிக்கும் இதே சட்டம்தான். பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது.

ஆடு புலி ஆட்டம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்காரர் ஒரு முறைக்கு ஓர் ஆடாக இறக்க வேண்டும். புலி தாண்டிக் குதிக்க ஆட்டுக்குப் பின்னால் காலியிடம் வேண்டும். அந்த இடத்தில் இன்னோர் ஆடு இருந்தாலோ, ஆடு கட்டத்தின் விளிம்பில் இருந்தாலோ புலியால் தொட முடியாது. ஆட்டுக்கு வெட்டும் பலமே கிடையாது. புலிக்குப் பயன்படும் முறையைக் கிடைக்காமல் செய்துதான் அது ஜெயிக்கிறது. நாக்டர்னின் தொடக்கத்தில் நீயும் ஆட்டுப் பக்கம்தான்.

முதல் பாடம் ஷின்ஜுகு மருத்துவமனையிலேயே வந்துவிடும். அங்கே உனக்கு முதலில் கிடைக்கும் துணை பிக்ஸி என்ற குட்டித் தேவதை. உருவத்தைப் பார்த்து அவளைச் சாதாரணமாக நினைத்துவிடாதே. காயம் ஆற்றும் 'தியா', மின்னல் அடிக்கும் 'ஸியோ' இரண்டும் அவளிடம் உண்டு. மருத்துவமனையை விட்டு வெளியேறும் வழியை ஃபோர்னியஸ் மறித்து நிற்பான். பனியால் எல்லோரையும் சேர்த்துத் தாக்குவான், மின்னலுக்குப் பலவீனமானவன். பிக்ஸியோடு, அதே ஸியோ உள்ள ஷிகிகாமியையும் பேசிச் சேர்த்துக்கொண்டு போனால் உன் பக்கத்துக் குறிகள் மினுங்கத் தொடங்கும். மின்னல் இல்லாத துணையின் முறை வந்தால் வீணாக அடிக்க வேண்டாம், கடத்திவிடு. அதற்கும் அரைக் குறிதான் செலவு. இது தெரியாமல், தாங்கள் ஆடும் தலைவன் பாத்திரத்தின் கைப்பலத்தை மட்டும் நம்பி மோதியவர்கள்தான் முதல் பெரிய சண்டையிலேயே சலித்துப்போகிறார்கள்.

பெயரையும் உருவத்தையும் வைத்துப் பலவீனத்தை ஊகிக்காதே. அக்னித் தலத்தில் வளர்ந்த உனக்கு இதற்கு ஓர் உதாரணம் சொன்னால் மறக்காது. 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையில் 1990-இல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்து சிவா என்ற பெயரில் ஓர் ஏவல் சக்தி வருகிறது. அது பெண் உருவம். அதன் ஆயுதம் பனி. அண்ணாமலையார் ஊர்க்காரர் நெருப்பு என்று நினைத்துத் திட்டம் போட்டால் கதை கந்தலாகிவிடும். நாக்டர்னில் எதிரியின் பலவீனம் தானாகத் திரையில் வராது. ஆராய்ந்து காட்டும் திறனுள்ள துணை வேண்டும். இல்லையென்றால் சின்னச் சண்டைகளில் நீயே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள். பெயர், எது உறைத்தது, எது உறைக்கவில்லை என்று மூன்றே பத்தி போதும்.

மந்திரப் பெயர்கள் மிரட்டுவதுபோல் இருந்தாலும் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அகி நெருப்பு, புஃபு பனி, ஸியோ மின்னல், ஸான் அதிர்விசை. முன்னால் 'மா' சேர்ந்தால் எதிரிகள் எல்லோர் மீதும் விழும். 'காஜா' என்று முடிந்தால் நம் பக்கத்துக்கு ஏற்றம், 'உண்டா' என்று முடிந்தால் எதிரிக்கு இறக்கம். தரு தாக்குதலுக்கு, ரகு தற்காப்புக்கு, சுகு குறி தவறாமைக்கும் அடியிலிருந்து நழுவுவதற்கும். புதியவர்கள் இந்த ஏற்றம், இறக்கம் இரண்டையும் தொடவே மாட்டார்கள். ஒரு முறை அடிக்காமல் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த ஒரு முறை பின்னால் வரும் பத்து முறையை மாற்றிவிடும் என்பதை மத்தடோர் கற்றுக்கொடுப்பான்.

மத்தடோர் எலும்புக்கூடாக நிற்கும் காளைச் சண்டை வீரன். 2003-இன் முதல் பதிப்பில் அவன் இல்லை; 2004-இல் வந்த 'மேனியாக்ஸ்' பதிப்பில் சேர்த்தார்கள். கின்ஸாவின் சுரங்கப் பாதையில் எதிர்ப்படுவான். சிவப்புத் துணியை ஒரு வீசு வீசுவான். அவன் குறி தவறாமையும் நழுவும் திறனும் ஒரேயடியாக உச்சிக்குப் போய்விடும். அதன்பிறகு நீ அடிப்பதெல்லாம் காற்றில் போகும். அடி தவறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்: தவறும் ஒவ்வொரு அடிக்கும் இரண்டு குறி. நாலு முறை இரண்டாகச் சுருங்கும். நடுவே 'மஸான்' அதிர்விசையால் உன் பக்கம் முழுவதையும் தாக்குவான். அதற்குப் பலவீனமான துணை ஒன்று இருந்தாலும் அவனுக்குக் கூடுதல் முறை கிடைக்கும்.

இங்கே பலரும் திரும்பிப் போய் மணிக்கணக்கில் சின்ன எதிரிகளை அடித்து நிலையை ஏற்றுகிறார்கள். நிலை ஏறினாலும் அடி தவறிக்கொண்டேதான் இருக்கும். மருந்து வேறு. அதிர்விசைக்குப் பலவீனமானவர்களை அணியிலிருந்து இறக்கு. அது உறைக்காத துணையாக ஒருவரையாவது சேர். மஸான் எல்லோர் மீதும் விழும்போது அந்த ஒருவரிடம் பலிக்காமல் போவதே போதும், அவனுடைய முறைகள் கரையும். பிறகு 'சுகுண்டா' போட்டு அவனை இறக்கு. துணி வீச்சின் பலன் தேயும்வரை மறுபடி மறுபடி போடு. அதற்கு அப்புறம்தான் அடி. பத்து நிலை ஏற்றிக்கொண்டு வந்தவர் தோற்ற அதே சண்டையில் சரியான மூன்று துணைகளோடு வந்தவர் ஜெயிப்பார்.

துணைகளோடு ரொம்பவும் ஒட்டிக்கொள்ளாதே. பிக்ஸியைப் பிரிய மனசு வராது, தெரியும். ஆனாலும் இணைப்புதான் இந்த விளையாட்டின் உயிர். புதிதாக உருவாகிறவர் பழையவர்களின் திறமைகளில் சிலவற்றைக் கொண்டுவருவார். எவற்றை என்று புதிய பதிப்பில் நீயே தேர்ந்தெடுக்கலாம். உன் நிலைக்கு மேற்பட்டவரை உருவாக்க முடியாது. சிவனை அடைய பாலித் தீவின் பாரோங், ரங்தா இருவரையும் இணைக்க வேண்டும். அது வெகுதூரத்தில் இருக்கிறது. இப்போதைக்கு எதிரியின் பட்டியலைப் பார்த்து இணைக்கக் கற்றுக்கொள்.

பௌர்ணமிக் கூட்டம் பழகிய உனக்கு இன்னொரு விஷயம் பிடிக்கும். நாக்டர்ன் உலகின் நடுவே ககுத்சுச்சி என்ற ஒளிக்கோளம் நீ நடக்க நடக்க வளரும், தேயும். ஜப்பானியப் புராணத்தில் அது நெருப்புக் கடவுளின் பெயர். அது நிறைந்திருக்கும்போது டீமன்கள் வெறியேறி நிற்பார்கள், பேச்சுவார்த்தை எடுபடாது. ஆள் சேர்க்கப் போகும்முன் மேலே ஒரு தரம் பார்த்துக்கொள். மக்கா என்ற காசையும் கொஞ்சம் கையில் வைத்திரு. வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவர்களும் உண்டு.

பொருள்களைக் கஞ்சத்தனமாகச் சேர்த்து வைக்காதே. கடைசிச் சண்டைக்கு ஆகும் என்று மருந்தைப் பதுக்கி, நடுச் சண்டையில் தோற்பவர்கள்தான் அதிகம். தலைவன் விழுந்தால் மற்ற மூவரும் உயிரோடு இருந்தாலும் ஆட்டம் முடிந்தது. அவனுக்கு எது உறைக்கும், எது உறைக்காது என்பதை அவன் விழுங்கியிருக்கும் மகதாமா தீர்மானிக்கிறது; சண்டைக்கு நடுவே அதை மாற்ற முடியாது. ஆட்டத்தைச் சேமிக்கும் இடமான டெர்மினலைப் பார்த்ததும் சேமித்துவிடு.

எதிரியின் உயிர் ஒரு நூலில் தொங்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சதுரங்கப் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். டிராவாகும் என்று எல்லோரும் நினைத்த நிலையில் சென்னைக்காரர் குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரென் தன் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். டிங்கைப்போல நீயும் கடைசியில் தவறிவிடாதே: இன்னும் ஒரே அடி என்ற நிலையில் காயம் ஆற்றாமல் பேராசையோடு அடிக்கப் போய் நாற்பது நிமிடச் சண்டையைத் தோற்காதே. அவன் முறை வந்தால் உன் பக்கம் தாங்குமா என்று ஒரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு அழுத்து.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றால் புதிய பதிப்பில் எளிய நிலை ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு மாறுவதில் ஒரு வெட்கமும் இல்லை. கணக்கு அதே கணக்குதான், தவறு செய்ய இடம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். கை பழகியதும் இயல்பு நிலைக்குத் திரும்பலாம்.

மத்தடோரைத் தாண்டிய பிறகு தைசோஜோ வருவார். தவத்திலேயே உடல் வற்றிப்போன புத்த பிக்குவின் உருவம். ஒரே மந்திரத்தில் உயிரைப் பறிக்கும் ஒளி, இருள் வித்தைகள் அவர் கையில் இருக்கின்றன. அவருடைய மணியோசை கேட்கும் பக்கம் போகும்முன் தலைவனின் மகதாமாவை மாற்று, இரண்டையும் தாங்கும் துணைகளை அணியில் ஏற்று, நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திற.

அன்புடன்,
உன் அண்ணன்