கொச்சையும் அகராதி ஏறும்

சேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' நாடகத்தில் பாட்டம் என்னும் நெசவாளனைத் தோழர்கள் 'புல்லி' என்று அழைக்கின்றனர். எளியவரை மிரட்டுபவன் என்ற இன்றைய பொருளை அங்கே ஏற்றினால் காட்சியே கெட்டுவிடும். 16ஆம் நூற்றாண்டில் அச்சொல் அன்புக்குரியவரைச் சுட்டிற்று.

இத்தகைய மாற்றம் நமக்குப் புதிதன்று. நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' இழிபொருள் பெற்றதை வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஆங்கிலச் 'சில்லி'யின் கதையும் அதுவே. முதலில் அருள்பெற்றவன், பிறகு கள்ளமறியாதவன், பிறகு இரங்கத்தக்கவன், இன்று அறிவிலி! 'நைஸ்' எதிர்வழியில் நடந்தது. அன்று மூடனைக் குறித்தது, இன்று இனிமையைக் குறிக்கிறது.

இவையெல்லாம் பல நூற்றாண்டுகளில் நிகழ்ந்தவை. கொச்சை வழக்கோ அவ்வளவு பொறுமை உடையதன்று. 'விக்கிட்' (கிரிக்கெட்டில் விழுவது அன்று!) என்றால் தீயது. அதுவே 'மிகச் சிறப்பாக' என்ற பொருளில் அமெரிக்க எழுத்தாளர் பிட்ஸ்ஜெரால்டின் 1920ஆம் ஆண்டு நாவலில் வருகிறது. 'பேட்' என்ற சொல்லைக் கறுப்பின அமெரிக்கர் பாராட்டாக மாற்றினர். மைக்கேல் ஜாக்சன் 1987இல் தம் இசைத்தட்டுக்கே அப்பெயரைச் சூட்டினார். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் புரியுமாறு பேச விரும்பினால், சொல்லைத் தலைகீழாக்குவது எளிய வழி. வசையா வாழ்த்தா என்பதைக் குரலே சொல்லிவிடும். வெளியார் அதைக் கற்றதும் சுவை குன்றுகிறது. இளைஞர் வேறு சொல் தேடுகின்றனர். நோயைக் குறிக்கும் 'சிக்' பாராட்டானதும் அவ்வாறே.

'கூல்' மட்டும் நிலைத்துவிட்டது. குளிர்ச்சியைக் குறித்த இப்பழஞ்சொல், சினங்கொள்ளாத மனநிலையையும் முன்பே குறித்ததுண்டு. ஜாஸ் இசைக் கலைஞரிடையே அது பாராட்டுச் சொல்லாயிற்று. மைல்ஸ் டேவிசின் 1957ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயரிலும் அது உண்டு. புதுப்பொருள் பழம்பொருளை எதிர்க்காமல் அதிலிருந்தே முளைத்தமையால்தான் அது வாடவில்லை என்பது என் கருத்து.

கொச்சை மொழியைக் கெடுக்கிறது என்று வருந்தும் பேராசிரியர்கள் ஜோனதன் சுவிப்டை நினைவுகூரலாம். 1710இல் 'டாட்லர்' இதழில் அவர் கண்டித்த குறுக்கச் சொற்களுள் கும்பலைக் குறிக்கும் 'மாப்' ஒன்று. இலத்தீன் தொடர் ஒன்றின் தலையை மட்டும் வெட்டி எடுத்த சொல். இன்று பிரெஞ்சுப் புரட்சி பற்றிய வினாவுக்கு விடை எழுதும் மாணவர் அதைத் தயக்கமின்றி எழுதுகிறார். திருத்துபவரும் மதிப்பெண் குறைப்பதில்லை.