முதல் உலக ரெகாட்டாவுக்குப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் ரெங்கத்தைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும்தான். கடலைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டும். இங்கிருந்து ஒரு பிள்ளை பாய்மரப் படகுப் பந்தயத்தில் இறங்கினால், "இதில் எதிர்காலம் உண்டா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். உண்டு. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன், இந்திய ராணுவப் பணியில் இருந்துகொண்டே டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் படகு செலுத்தினார். 2009இல், 12 வயதில், சென்னையில் நடந்த ஒரு கோடை முகாமில் தொடங்கிய நேத்ரா குமணன், பாய்மரப் பந்தயத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்.

முதல் சர்வதேச ரெகாட்டாவுக்கு, அதாவது பாய்மரப் படகுப் போட்டிக்கு, முன் நான்கு விஷயங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

1. எடைக்கேற்ற பாய்

15 வயதுவரை ஆப்டிமிஸ்ட் படகு. அடுத்தது ஐஎல்சிஏ, லேசர் என்பது இதன் பழைய பெயர். படகின் உடல் ஒன்றே, நீளம் 4.23 மீட்டர். பாயின் அளவு மாறும்: ஐஎல்சிஏ 4க்கு 4.7 சதுர மீட்டர், 6க்கு 5.76, 7க்கு 7.06. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 6, ஆண்களுக்கு 7. உடம்பு தேறுமுன் பெரிய பாய்க்கு அவசரப்பட வேண்டாம். காற்று பலமானால் படகை நிமிர்த்திப் பிடிக்கவே முழுத் தெம்பும் போய்விடும்.

2. ஸ்டார்ட்

புதியவர்கள் திணறுவது இங்கேதான். டோக்கியோவில் நேத்ராவின் பிரிவில் 44 படகுகள் ஒரே கோட்டில் நின்றன. 5 நிமிடம் இருக்கும்போது முதல் கொடி ஏறும், 4இல் அடுத்தது. 1 நிமிடத்தில் அந்த இரண்டாவது கொடி இறங்கும். அது கறுப்புக் கொடியாக இருந்தால், அந்தக் கடைசி நிமிடத்தில் கோட்டுக்கும் முதல் மார்க்குக்கும் (படகுகள் சுற்றிவர வேண்டிய மிதவை) இடையிலான முக்கோணத்துக்குள் நுழைந்தவர் அந்தப் பந்தயத்தையே இழப்பார். ஆகவே, பாயைத் தளர்த்திப் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கப் பழகுங்கள். காற்று போகும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டால், கடைசி விநாடிகளில் அந்தப் பக்கம் படகைத் திருப்பி வேகம் பிடிக்கலாம்.

3. விதி

இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். தவறினால் உடனே இரண்டு சுற்றுச் சுற்றிப் பிழையைத் தீர்த்துக்கொள்ளலாம். தவறு எதிராளியுடையது என்றால் அந்த இடத்திலேயே "புரோட்டெஸ்ட்" என்று உரக்கச் சொல்லுங்கள். பெரிய பெயருள்ள வீரர் என்று தயங்க வேண்டாம்.

4. புள்ளிக் கணக்கு

முதலிடத்துக்கு 1 புள்ளி, பத்தாமிடத்துக்கு 10. மொத்தம் குறைவாக உள்ளவரே வெற்றியாளர். போதிய பந்தயங்கள் முடிந்ததும் மோசமான ஒன்று கழிக்கப்படும். ஒரு பந்தயம் கெட்டது என்று மனம் உடைந்து அடுத்ததையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் போட்டியின் இடத்தை வைத்துத் திறமையை முடிவுகட்ட முடியாது. நேத்ரா டோக்கியோவில் 35ஆம் இடம், பாரிஸில் 21ஆம் இடம். இடையில் இருந்தது மூன்றாண்டு உழைப்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை திரும்பி வந்ததும் எத்தனையாவது வந்தாய் என்று தொடங்காதீர்கள். ஸ்டார்ட் எப்படிப் போனது என்று கேளுங்கள். அடுத்த போட்டிக்கும் அனுப்பிவையுங்கள்.