‘மா’ என்னும் ஓரெழுத்து



‘மா’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மூடிய உதடுகள் திறக்கின்றன; ஒரு சொல் பிறந்துவிடுகிறது! தமிழில் அது மாமரம். அரிசி மாவும் அதுவே. விலங்கு, குதிரை, பெரிய என்றும் பொருள்படும். பழைய பின்னக் கணக்கில் ஒரு மா என்பது 1/20.

ஏறக்குறைய இதே ஒலிக்கு இத்தாலிய மொழியில் ‘ஆனால்’ என்று பொருள். ஹங்கேரிய மொழியில் ‘இன்று’. வியட்நாமிய மொழியில் ‘பேய்’. ஜப்பானிய மொழியில் ‘இடைவெளி’. சீன மொழியிலோ குரல்நாண்களின் அதிர்வெண்ணும் பொருளை மாற்றும். உயர்ந்த சுருதியில் சீராக ஒலித்தால் ‘அம்மா’. தாழ்ந்து எழுந்தால் ‘குதிரை’!

தமிழிலும் குதிரை, சீனத்திலும் குதிரை! ‘நீ’ என்பதும் இரு மொழிகளிலும் முன்னிலைச் சொல்லே. அப்படியானால் இவை உறவு மொழிகளா? அவசரப்படாதீர்கள். முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தமிழில் உயிர்மெய் எழுத்துகள் 18 × 12 = 216. இரண்டு மொழிகள், ஒன்றையொன்று அறியாமல், ஒவ்வொரு பொருளுக்கும் இந்த 216 ஒலிகளில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதாகக் கொள்வோம். ஒரு பொருளுக்கு இரண்டிலும் ஒரே ஒலி விழும் வாய்ப்பு 1/216. 216 பொருள்களுக்கு இப்படிச் செய்தால், சராசரியாக ஒரு பொருத்தம் தானாகவே கிடைத்துவிடும். ‘மா’வைப் போல ஓர் ஒலிக்குப் பல பொருள்கள் இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். எனவே குறுஞ்சொற்கள் இரண்டொன்று ஒத்திருப்பது வியப்பன்று. அது உறவுக்குச் சான்றும் ஆகாது.

பின் எதுதான் சான்று? ஒழுங்கு. கன்னடத்தைப் பாருங்கள்: பால் – ஹாலு, புலி – ஹுலி, பல் – ஹல்லு, பத்து – ஹத்து. தமிழில் ‘ப’ வரும் இடத்தில் அங்கே ‘ஹ’ வருகிறது. இவ்வாறு வரிசையாக நிகழ்வதைக் குலுக்கல் என்று தள்ளிவிட முடியாது. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்துடனேயே வழங்கின என்பது இதனை உறுதி செய்கிறது.

ஆய்வுக்கூடத்திலும் இதே நெறிதான். ஓர் அளவீடு எதிர்பார்த்தபடி அமைந்துவிட்டால் மகிழ்ந்து நின்றுவிடக்கூடாது. தற்செயலாக அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கேட்க வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. ‘போ’ என்பதற்குக் கன்னடச் சொல் எந்த எழுத்தில் தொடங்கும்? முதலில் ஊகித்து எழுதுங்கள். பிறகு கன்னடம் அறிந்தவரிடம் கேட்டுச் சரிபாருங்கள்.